பிள்ளைகள் சேர்ந்து காசு சேர்த்து வீட்டுக்கு ஒரு பொருள் வாங்க: தையிலிருந்து புரட்டாசி வரை முழு வழிகாட்டி

நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊர். ஒரே வாசலில் இரண்டு குடும்பம்: என் பிள்ளைகள் இரண்டு, கொழுந்தனார் பிள்ளைகள் இரண்டு. மூத்தவளுக்கு 13 வயது, கடைக்குட்டிக்கு 7. இந்த நால்வரும் சேர்ந்து வீட்டுக்கு ஒரு கிரைண்டர் வாங்கினார்கள். முதல் வருடம் முயன்று கோட்டை விட்டார்கள், இரண்டாம் வருடம் வாங்கினார்கள். தெருவில் இன்னும் மூன்று வீட்டுப் பிள்ளைகள் இதைப் பார்த்துத் தொடங்கி, இரண்டு வீடுகளில் பாதியில் நின்றுபோனது. எல்லோரும் இடறியது ஏறக்குறைய ஒரே இடங்களில்தான்.

காசு சம்பாதிப்பது அதில் கடினமான பகுதி இல்லை. சேர்ந்த காசைப் பெரியவர்கள் கையிலிருந்து காப்பாற்றுவதுதான் கடினம். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

தொடங்கும் முன் வேண்டியவை: கோடு போட்ட 80 பக்க நோட்டு ஒன்று, உள்ளே இருப்பது வெளியே தெரியும் மூடி போட்ட டப்பா ஒன்று, தமிழ் மாதம் போட்ட தினசரி காலண்டர், 10 வயது நிரம்பிய ஒரு பிள்ளையின் ஆதார் அட்டை, பிறப்புச் சான்றிதழ், இரண்டு போட்டோ. அப்புறம், கணக்குப் பார்க்க மட்டும் ஒரு பெரியவர். அவருக்குப் பொறுமை வேண்டும், டப்பாவில் கை வைக்கிற பழக்கம் கூடாது.

1. முதல் காசு விழும் முன் பெரியவர்களிடம் வாக்கு வாங்குங்கள்

எல்லோரும் கடைசியில் செய்வது இது. முதலில் செய்ய வேண்டியதும் இதுதான்.

எங்கள் முதல் வருடத்தில் ஆனி மாதம் டப்பாவில் 1,900 ரூபாய் சேர்ந்திருந்தது. நாற்றங்காலுக்குச் சேறு உழ டிராக்டர் வந்து நிற்கிறது, கையில் காசு இல்லை. எங்கள் வீட்டுக்காரர் பிள்ளைகளிடம் 1,400 கைமாற்றாக வாங்கினார். “அறுத்ததும் தந்துடறேன்டா” என்றார். தந்தும் விட்டார், தையில். அதற்குள் பிள்ளைகள் டப்பாவையே மறந்துவிட்டார்கள்.

கேட்டது குற்றமில்லை. விவசாய வீட்டில் அந்த நேரத்தில் ஒவ்வொரு ரூபாயும் வயலுக்குத்தான் ஓடும். ஆனால் பெரியவருக்கு அது ஆறு மாதக் கைமாற்று, ஏழு வயதுப் பிள்ளைக்கு அது போன காசு.

ஆகவே இரண்டாம் வருடம் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினோம்: ஆஸ்பத்திரிச் செலவு தவிர எதற்கும் இதில் எடுப்பதில்லை. அப்படி எடுத்தாலும் நால்வரும் சம்மதிக்க வேண்டும், திருப்பித் தரும் தேதி எழுத வேண்டும். மகளிர் குழுவில் எட்டு வருடம் தீர்மான நோட்டு எழுதியவள் நான், அந்தப் பழக்கத்தை அப்படியே கொண்டுவந்தேன். அப்பாயியும் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களிடம்தான் முக்கியமாக வாங்க வேண்டும். வெற்றிலை பாக்குக்கு அஞ்சு பத்து எடுப்பவர்கள் அவர்கள்தான்.

இன்னொரு வாக்கு: எந்தக் கோழி, எந்தப் பாத்தி, எந்தத் தென்னையின் மட்டை பிள்ளைகளுடையது என்று பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் முட்டையை விற்ற அன்று “குழம்புக்கு வெச்சிருந்தேனே” என்று சண்டை வரும்.

2. பொருளைத் தேர்ந்தெடுங்கள், ஆனால் முதலில் பழையதைப் பழுது பாருங்கள்

பிள்ளைகள் முதலில் டிவி என்றுதான் சொல்வார்கள். மறுக்காதீர்கள், விலையைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். ஒன்பது மாதத்தில் எட்டாத தொகை என்று அவர்களே கண்டுகொள்வார்கள். நான்கு பிள்ளைகளுக்கு 5,000 முதல் 7,000 வரை எட்டக்கூடியது. அதற்கு மேல் போனால் இரண்டு வருடம் இழுக்கும், இரண்டு வருடம் எந்தப் பிள்ளையும் தாங்காது.

இல்லாத குறை தினமும் கண்ணில் படும் பொருளாக இருக்கட்டும். எங்கள் பழைய கிரைண்டர் நின்றுபோன பிறகு மாவுக் கடையில் பாக்கெட் வாங்கினோம். சில நாள் என் ஓர்ப்படி ஆட்டுக்கல்லில் கை வலிக்க ஆட்டினாள். பிள்ளைகள் அதைப் பார்த்தார்கள். வேறு காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

விலை விசாரிக்கும் முன், பழைய கிரைண்டரை மெக்கானிக்கிடம் தூக்கிப் போங்கள். பெல்ட் தேய்ந்திருந்தால் சின்னச் செலவு. கல் வழவழத்திருந்தால் கொத்தினால் போதும். எங்களுக்கு மோட்டாரின் கம்பிச்சுற்று (காயில்) எரிந்து, தொட்டியின் அச்சும் ஆடியது. சரிசெய்யும் செலவு புதிதின் பாதியைத் தாண்டியதால்தான் புதிது என்று முடிவு செய்தோம். பக்கத்து வீட்டில் இதைச் செய்யாமல் தொடங்கி, நான்கு மாதம் கழித்து யாரோ 250 ரூபாயில் பெல்ட் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு நல்லதுதான், பிள்ளைகள் முகம்தான் விழுந்துபோனது.

3. விலையை நேரில் பார்த்து, அதற்கு மேல் தொகை வையுங்கள்

மூன்று கடையில் கேளுங்கள், ஒன்றாவது வெளியூரில் இருக்கட்டும். மன்னார்குடியில் இரண்டு, கும்பகோணத்தில் ஒன்று பார்த்தோம். 2 லிட்டர் மேசைக் கிரைண்டர் 4,300-லிருந்து 6,200 வரை சொன்னார்கள். நாங்கள் பிடித்தது 5,400.

இலக்கு 5,400 இல்லை. பஸ் கட்டணமும் சில்லறையும் 250. அடுப்படியில் மூன்று முள் பிளக் பாயின்ட் எர்த்தோடு போட 350. தபால் நிலையக் கணக்கில் எப்போதும் கிடக்க வேண்டியது 500. ஆக 6,500. இந்தக் கடைசி 500-ஐ எல்லோரும் மறப்பார்கள். பிறகு பணம் எடுக்கப் போன நாளில் 500 குறைகிறது என்று திரும்பி வருவார்கள்.

4. மாதம் பார்க்காதீர்கள், வயலைப் பாருங்கள்

“மாதம் இவ்வளவு” என்று பிரித்துப் போட்டால் டெல்டாவில் ஒத்துவராது. எங்கள் காசு மாதம் பார்த்து வருவதில்லை, பருவம் பார்த்து வருகிறது. காலண்டரில் மூன்று நிறப் பேனாவால் குறித்தோம்.

தை, மாசி: வரவு. பொங்கலுக்கு அத்தை, மாமாக்கள் கொடுக்கும் காசு, சம்பா அறுவடையில் சிந்திய கதிர். பங்குனி, சித்திரை: பெரிய வரவு. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் ஈரத்தில் தெளித்த உளுந்து இப்போது வரும், கோடை விடுமுறையும் இப்போதுதான். ஆனி முதல் ஆவணி வரை: காசு வறட்சி. ஜூன் 12 வாக்கில் மேட்டூர் அணை திறந்தால் வீட்டுக் காசு முழுவதும் விதை, உழவு, நடவு, உரம் என்று வெளியே போகும் காலம். புரட்டாசி: குறுவை (குறுகிய கால நெல்) போட்ட வீடுகளில் அறுத்து மூச்சு வரும்.

ஆகவே இலக்கில் முக்கால்வாசி சித்திரைக்குள் சேர்ந்துவிட வேண்டும். தையில் தொடங்காமல் வைகாசியில் தொடங்கிய வீடுதான் எங்கள் தெருவில் முதலில் நின்றது.

5. வேலையைப் பங்கிடுங்கள்

முதலில் எல்லை. பிள்ளைகளைப் பிறர் வயலுக்குக் கூலிக்கு அனுப்பக் கூடாது. 14 வயதுக்குக் கீழே வேலைக்கு வைப்பதைச் சட்டம் தடுக்கிறது. 2016 திருத்தத்தின்படி பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும், ஆபத்தில்லாத வேலையில், சொந்தக் குடும்பத்துக்குக் கைகொடுக்கலாம், அவ்வளவுதான். எங்கள் விதி இன்னும் சின்னது: பள்ளி நாளில் காலையில் அரை மணி, மாலையில் அரை மணி. பரீட்சை வாரத்தில் முட்டை எடுப்பது மட்டும்.

*கோழி.* ஐந்து பெட்டைகளைப் பிள்ளைகளுக்கு விட்டோம், காலில் சிவப்பு நூல் கட்டி. ஊருக்குள் முட்டை 12 ரூபாய்க்குப் போனது. இங்கே வரும் பெரிய தவறு, ஆசையில் எல்லா முட்டையையும் விற்றுவிடுவது. ஒரு ஈட்டில் 12 முட்டை இட்டால் 6 விற்க, 6 அடைவைக்க. அடைவைத்த குஞ்சுகளில் தேறிய இரண்டு சேவல்தான் வறட்சி மாதத்தில் எங்களுக்கு 1,000 ரூபாய் கொடுத்தது. தை மாசியில் கால்நடை மருந்தகம் மூலம் வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி முகாம் நடக்கும், கோழியைக் கூடையில் போட்டு எடுத்துப் போங்கள். ஒரு வாரத்தில் கூடே காலியாகும் நோய் அது.

*கீரை.* கொல்லையில் பாத்ரூம் தண்ணீர் ஓடாத பக்கம் இரண்டு பாத்தி, சிறுகீரையும் அரைக்கீரையும். சிறுகீரை 25 நாளில் பிடுங்கலாம். இரண்டு பாத்தியையும் ஒரே நாளில் விதைக்காதீர்கள். ஒரே நாளில் 40 கட்டு கீரை வந்தால் தெருவில் யார் வாங்குவது? பத்து நாள் இடைவெளி விடுங்கள்.

*சிந்திய கதிர்.* அறுவடை மெஷின் வயல் மூலையில் திரும்பும் இடங்களில் கதிர் நிற்கும், சிந்தும். மெஷின் வயலை விட்டு வெளியேறிய பிறகுதான் பிள்ளைகள் இறங்க வேண்டும், அது ஓடும்போது வரப்பில்கூட நிற்கக் கூடாது. ஆனால் தாமதிக்கவும் முடியாது. இரண்டு நாளில் வாத்துக்காரர் மந்தையை ஓட்டி வந்துவிடுவார், அதன் பிறகு ஒரு மணி நெல் மிஞ்சாது. எலி வளையைத் தோண்டி நெல் எடுக்கிறோம் என்பார்கள். வேண்டாம், அந்த வளைகளில் பாம்பு இருக்கும். பொறுக்கிய 34 கிலோவை எங்கள் வீட்டுக்காரர் தன் மூட்டையோடு சேர்த்துக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, கிலோ கணக்கில் பிள்ளைகளுக்குக் கையில் கொடுத்தார்.

*களத்து உளுந்து.* எங்களுக்கு அதிகம் கொடுத்தது இதுதான். செடியைப் பிடுங்கித் தார்ப்பாயில் காயவைத்து அடித்த பிறகு, பாய்க்கு வெளியே தெறித்தது பிள்ளைகளுக்கு என்று வாக்கு. அதைத் துடைப்பத்தால் மண்ணோடு கூட்டி அள்ளினார்கள். அங்கேதான் மூத்தவள் முதலில் தவறு செய்தாள்: மண்ணைப் பிரிக்கத் தண்ணீரில் கொட்டிவிட்டாள். மண் போனது, உளுந்து ஊறித் தோல் உரிந்து இரண்டு கிலோ வீண். அன்று ராத்திரி அதைத்தான் வடை சுட்டோம்.

சரியான முறை: முதலில் சல்லடையில் சலித்துப் பொடிமண்ணை இறக்குங்கள். பிறகு காற்றுக்கு எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று முறத்தில் புடையுங்கள், சருகும் பொக்கும் பறக்கும். மிஞ்சிய சின்னக் கல்லும் மண்ணுருண்டையும் உளுந்தின் அளவிலேயே கறுப்பாக இருக்கும். அதைக் கொழித்து ஒதுக்கி, கடைசியில் கையால் பொறுக்க வேண்டும். கடைக்குட்டி அதில் கெட்டிக்காரன். வெள்ளை வேட்டித் துணியில் பரப்பி, ஒரு கை உளுந்தைத் தள்ளி ஒரு கல்லை எடுப்பான். 18 கிலோ தேறியது. வியாபாரி கிலோவுக்கு 75 கொடுத்தார், கல் இருந்திருந்தால் பத்து ரூபாய் குறைத்திருப்பார்.

*ஈர்க்கு விளக்குமாறு.* மட்டை கிழிப்பது, கத்தி பிடிப்பது பெரிய பிள்ளைகளுக்கு மட்டும். கட்டுவது யாரும் செய்யலாம்.

*பழைய சாமான்.* காலி உரச்சாக்கை உதறி, மடித்து விற்கலாம். பூச்சிமருந்து பாட்டில், களைக்கொல்லி டப்பா எதையும் பிள்ளைகள் தொடக் கூடாது. கடைக்குப் போட்டால் இரண்டு ரூபாய் கிடைக்கும் என்று வாய்க்காலில் கழுவிக்கொண்டிருந்த பையனை நானே பார்த்துப் பிடுங்கி எறிந்திருக்கிறேன். ஆடியில் வாய்க்கால் நிறைய ஓடும்போது தண்ணீர் ஓரத்து வேலை எதையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

6. நோட்டில் பேர் எழுதாதீர்கள்

முதல் வருடம் யார் எவ்வளவு கொண்டுவந்தார் என்று பேர் போட்டு எழுதினோம். பங்குனியில் மூத்தவள் பேரில் 900, கடைக்குட்டி பேரில் 140. “உன் காசுல கிரைண்டர் பிளக்குதான் வரும்” என்று அண்ணன் சொல்ல, அவன் என்னிடம் வந்து, “பெரியம்மா, எனக்கு வேணாம், என் காசைக் குடுத்துடுங்க” என்றான். 140-ஐ எண்ணிக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய?

இப்போது எழுதுவது தேதி, எதிலிருந்து வந்தது, தொகை, இருப்பு. முட்டை 6, 72. கீரை 5 கட்டு, 50. அவ்வளவுதான். வேலை யாருடையது என்பது அடுப்படிச் சுவரில் ஒட்டிய முறைப்பட்டியலில் இருக்கும், வாரம் ஒருமுறை மாறும். காசுக் கணக்கும் வேலைக் கணக்கும் ஒரே தாளில் இருந்தால் பிள்ளைகள் தங்களைக் காசால் அளந்துகொள்கிறார்கள்.

செலவையும் எழுதுங்கள். கீரை விதை, கோழித் தவிடு எழுதாமல் விட்டால் லாபம் கூடுதலாகத் தெரியும், எண்ணும்போது குறையும், “யார் எடுத்தது” என்று பேச்சு வரும். எங்கள் தெருவில் இன்னொரு வீடு நின்றது இதனால்தான். யாரும் எடுக்கவில்லை, தவிட்டுச் செலவு எழுதவில்லை.

சம்பாதித்த 10 ரூபாயில் 8 டப்பாவுக்கு, 2 பிள்ளைகள் கைக்கு, நால்வருக்கும் சமமாக. இதை வீணென்று நினைக்காதீர்கள். பங்குனித் திருவிழாவில் பஞ்சுமிட்டாய்க்குக் காசில்லாத பிள்ளை டப்பாவைத்தான் பார்க்கும்.

7. டப்பாவிலிருந்து தபால் நிலையத்துக்கு

மண் உண்டியல் வேண்டாம். உடைக்கும் வரை எண்ண முடியாது, எண்ண முடியாததில் பிள்ளைகளுக்குப் பிடிப்பு வராது. எங்கள் பழைய உண்டியலில் இரண்டு பத்து ரூபாய் நோட்டைக் கரையான் அரித்திருந்தது. ஞாயிறு காலை எல்லோரும் உட்கார்ந்து எண்ணி, நோட்டோடு ஒத்துப் பாருங்கள். ஒத்துவராவிட்டால் அன்றே கண்டுபிடியுங்கள், அடுத்த வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

500 சேர்ந்ததும் தபால் நிலையத்தில் சேமிப்புக் கணக்கு. 10 வயது நிரம்பிய பிள்ளை தன் பெயரில் தானே இயக்கலாம். தொடங்க 500 வேண்டும். நிதியாண்டு முடிவில் இருப்பு அதற்குக் கீழே இருந்தால் 50 ரூபாய் பிடிப்பார்கள். கூட்டுக் கணக்கு பெரியவர்களுக்கு மட்டும்தான், நான்கு பிள்ளைகள் பெயரில் கிடைக்காது. ஒருவர் பெயரில் தொடங்கி, பாஸ்புக்கை இன்னொரு பிள்ளை வைத்திருக்கட்டும். கையெழுத்து ஒருவருடையது, புத்தகம் மற்றவரிடம். தனியாகப் போய் எடுக்க முடியாது.

“ஆர்டி போடுங்களேன்” என்று யாராவது சொல்வார்கள். அஞ்சலகத் தொடர் வைப்பு 60 மாதம். மூன்று வருடத்துக்கு முன்னால் முடிக்க முடியாது. ஒன்பது மாதக் கிரைண்டருக்கு அது ஒத்துவராது.

வங்கிக் கணக்கு பெரியவர் பெயரில் இருக்கிறதே, அதில் போடலாமே என்றும் கேட்பார்கள். பயிர்க்கடன், நகைக்கடன் வட்டி எல்லாம் ஓடும் கணக்கில் பிள்ளைகள் காசைக் கலக்காதீர்கள்.

8. ஆடியைக் கடப்பது

வைகாசி முடிவதற்குள் டப்பாவைத் துடைத்துத் தபால் நிலையத்தில் போட்டுவிடுங்கள். வீட்டில் காசு இருந்தால் டிராக்டர் கேட்கும், நடவு ஆள் கேட்பார்கள். இல்லாத காசை யாரும் கேட்க மாட்டார்கள்.

இந்த மூன்று மாதத்தில் வரவு சொற்பம். வாரம் 40 ரூபாய் வந்தாலும் ஞாயிறு எண்ணுவதை மட்டும் நிறுத்தாதீர்கள். நின்றுபோனால் மறுபடி உட்கார வைப்பது பெரும்பாடு.

ஆடித் தள்ளுபடி விளம்பரம் பார்த்துப் பிள்ளைகள் துள்ளுவார்கள். கடைக்குப் போனால், “ஆயிரம் கட்டிட்டு இப்பவே எடுத்துட்டுப் போங்கம்மா, மீதி தவணை” என்பார்கள். எங்கள் மூத்தவளே கண்ணால் கெஞ்சினாள். தவணை யார் பெயரில்? பெரியவர் பெயரில். அப்புறம் அது பிள்ளைகள் வாங்கிய பொருள் ஆகாது. திரும்பி வந்துவிட்டோம், இரண்டு நாள் பேச்சில்லை.

ஐப்பசி வரைக்கும் இழுக்கவும் வேண்டாம். அடைமழையில் முட்டை குறையும், கீரை அழுகும். 2018 நவம்பர் 16 கஜா புயல் இரவை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை.

9. வாங்கும் நாள்

புரட்டாசியில் காலாண்டு விடுமுறைதான் சரியான நேரம். நால்வரும் வரலாம், தீபாவளிக் கூட்டம் இருக்காது. கூட்டத்தில் கடைக்காரர் பொருளை ஓடவிட்டுக் காட்ட மாட்டார்.

நான்கு நாள் முன்பே தபால் நிலையத்தில் சொல்லி வையுங்கள், ஊர்க் கிளையில் கையிருப்பு குறைவாக இருக்கும்.

கடையில் பெட்டியைப் பிரித்து, கொஞ்சம் தண்ணீர் ஊற்றி ஓடவிடச் சொல்லுங்கள். தொட்டி ஆடக் கூடாது. கல் ஒரு பக்கம் உரசி ‘கிறீச்’ என்று கத்தக் கூடாது. பிளக் மூன்று முள்ளாக இருக்க வேண்டும். பெட்டி மேலுள்ள எண்ணும் உத்தரவாத அட்டை எண்ணும் ஒன்றுதானா என்று ஒரு பிள்ளை படிக்கட்டும். கடை முத்திரையும் தேதியும் போட்ட பில் இல்லாமல் நகராதீர்கள். பக்கத்தில் எந்த ஊரில் பழுது பார்ப்பார்கள் என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

காசைப் பிள்ளைகள் எண்ணிக் கொடுக்கட்டும். பத்து நிமிடம் கூடுதலாகும், ஆகட்டும்.

10. முதல் அரைப்பு

புதுக் கல்லில் பொடி இருக்கும். கழுவித் துடைத்து, ஒரு ஆழாக்கு ஊறவைத்த பழைய அரிசியைக் கல்லுப்புப் போட்டு அரைத்துக் கொட்டிவிடுங்கள். விரலில் தேய்த்துப் பார்த்தால் நறநறக்காத வரை மறுபடி. எங்களுக்கு மூன்று ஈடு ஆனது. மூன்றையும் வாழை அடியில் ஊற்றினோம்.

நாலாவது ஈட்டுக்கு, விற்காமல் ஒதுக்கி வைத்திருந்த களத்து உளுந்து அரைப்படி. தோலோடு ஊறவைத்துக் கழுவும்போது, அடியில் ஒரு கல் கிடந்தது. கடைக்குட்டி அதை எடுத்துப் பார்த்துவிட்டு, “இது நான் பார்த்த பங்குல இல்ல” என்றான்.